சலோமி அண்ணி கட்டிய குடில் விளக்கு

சலோமி என் அண்ணன் மனைவி. காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. நெடுங்காட்டுப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவார். பையில் சாப்பாட்டு டப்பாவோடு வயர் பற்றவைக்கிற சால்டரிங் ஈயமும் கிடக்கும். தபாலில் வரும் எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையை யாராவது தொட்டால் போச்சு, இரண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும்.

1984 கிறிஸ்துமஸில் எங்கள் கோயில் குடில் தீப்பிடித்தது. வைக்கோல் குடிலுக்கு சீரியல் பல்பு கட்டியவன் என் அண்ணன் செல்வநாதன். கையில் பிளக் இல்லை. ஊரே செய்கிற மாதிரி வயர் நுனியைச் சீவி, பிளக் பாயிண்ட் ஓட்டையில் விட்டு, தீக்குச்சியை ஒடித்துச் சொருகினான். குச்சி தளர்ந்து பொறி பறந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலன் இயேசு சுரூபத்தின் ஒரு கை மட்டும் கருகியது.

"செல்வநாதன் வர்றாரு, குடத்துல தண்ணி எடுங்க" என்று ஊர் கேலி பேசியது. அண்ணனும் கூடச் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் பல்பு மாற்றக்கூட ஸ்டூலில் ஏறவில்லை. பூசைக்குப் போனால் கடைசி பெஞ்சைத் தாண்டுவதில்லை. கேலி பேசிய வாய்களின் மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

மறு வருஷம் அண்ணி நேராகப் பங்குச்சாமியாரிடம் போய், "இந்தத் தடவ நான் கட்டுறேன் சாமி. சூடே ஆவாது" என்று சொல்லிவிட்டு வந்தார். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் அண்ணன் கோயில் வாசலையே மிதிக்கமாட்டான். அது எனக்கும் அண்ணிக்கும் தெரியும்.

சென்னையிலிருந்து சிவப்பு எல்.இ.டி.கள், மிளகளவு குட்டி விளக்குகள், வந்தன. முதல் விளக்கை அவசரத்தில் நேராக செல்களோடு இணைத்தார். பளிச்சென்று ஒருமுறை எரிந்து செத்தது. அப்புறம் நிதானமாக உட்கார்ந்தார். விளக்கின் இரண்டு கம்பிக் கால்களில் நீளமானது பிளஸ். இரண்டிரண்டாக ஆறு ஜோடி, ஜோடிக்கு ஒரு ரெசிஸ்டர். நான்கு டார்ச் செல்தான் மொத்தக் கரண்டும். ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் குழாய் மாட்டினார்.

"இந்த ரெசிஸ்டர் எதுக்கு அண்ணி?"

"இது இல்லேன்னா அளவில்லாம கரண்ட இழுத்துட்டு செத்துப்போவும். இதான் கடிவாளம்."

டிசம்பர் 24, மாலை நான்கு மணி. விளக்கை முதல்நாளே கட்டியாகிவிட்டது. புது செல் போடப் போனோம். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றுகொண்டான். மதியத்திலிருந்து ஊரில் கரண்ட் இல்லை. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை சந்தனசாமி மெழுகுவர்த்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று பை விழுந்த சத்தம். அண்ணன் பெஞ்சுகளுக்கு நடுவே ஓடிவந்தான். குடிலுக்குப் பின்னால் சுவரோரம் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். பிறகு பிளக் பாயிண்டிலிருந்து எதையோ பிடுங்கினான். அண்ணியின் விளக்கு வயர்! கூடவே இரண்டு தீக்குச்சித் துண்டுகள்.

"செல்லு பூசைக்குள்ள தீந்துடுமேன்னு நாந்தான் மாத்திச் சொருவுனேன்" என்றார் சந்தனசாமி. "சுவிட்சும் போட்டுத்தான் வச்சேன், கரண்ட் வந்தா தானா எரியுமேன்னு. தப்பாங்க?"

அண்ணி வாய் திறப்பதற்குள் மேலே டியூப்லைட் மினுக்கியது. மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது.

டார்ச் செல்லுக்குக் கட்டிய விளக்கில் வீட்டுக் கரண்ட் பாய்ந்திருந்தால் வைக்கோல் என்ன ஆகியிருக்கும்! பெரிய கோபக்காரியான அண்ணி யாரையும் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எப்புடிங்க பாத்தீங்க, அவ்வளவு தூரத்துலேருந்து?"

"ஒரு வருஷமா கண்ண மூடுனா அந்த ஓட்டயும் குச்சியும்தான் தெரியிது, சலோமி" என்றான் அண்ணன்.

அண்ணி புது செல்களைப் போட்டு, இரண்டு வயரையும் அவன் கையில் கொடுத்தார். "நீங்களே மாட்டுங்க."

அண்ணன் தயங்கித் தயங்கி மாட்டினான். வைக்கோலுக்குள் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள் எரிந்தன. அவன் மண்டி போட்டு, பாலன் இயேசுவின் கருகிய கைப்பக்கம் எரிந்த விளக்கின்மேல் விரலை வைத்தான். நெடுநேரம் எடுக்கவே இல்லை.

"சுடலடி" என்றான்.

பிறகு பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான்.