முகமூடிக்கு வைத்த பொட்டு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் காவலாளி, சனிக்கிழமைதோறும் என் நீளப் பையைப் பார்த்து, "பெர்கி மஞ்சிங், போஸ்?" என்பார். மீன்பிடிக்கப் போகிறேனாம். ஆமென்று தலையாட்டிவிடுவேன். உள்ளே இருப்பது நைலானில் செய்த ஜெர்மானிய நீள்வாள் என்று சொல்ல என் மலாய் போதாது. திருச்சிக்காரன் ஒருவன் பெட்டாலிங் ஜெயாவில், பூப்பந்து மண்டபத்தில், சீனரிடம் ஐரோப்பிய வாள்வீச்சு கற்கிறான் என்பதை எனக்கே தமிழில் விளக்க முடிந்ததில்லை.

வாள்வீச்சு மன்றத்தில் சேர்ந்த அன்றே பயிற்சியாளர் ஆல்வின் வாங்க வேண்டியவற்றின் பட்டியல் சொன்னார். முதலில் கம்பிவலை முகமூடி, பிறகு கையுறை, கழுத்துக்காப்பு. வாள் கடைசியில், அதுவரை மன்றத்து வாளே போதும். நான் முதல் வேலையாக வாளைத்தான் வாங்கினேன். முகமூடி மாட்டவா ஒருவன் வாள்வீச்சில் சேருவான்? விளைவு, ஆறு வாரம் மற்றவர்கள் மோத, நான் காற்றை வெட்டிக்கொண்டிருந்தேன். பயிற்சிக் காலத்தின் கடைசிச் சனிக்கிழமைக்குள் ஒரு மோதலாவது ஆடினால்தான் மன்றத்தில் நிரந்தர இடம். இந்த ஊருக்கு வந்து நான்கு ஆண்டுகளாகின்றன. அலுவலகத்துக்கு வெளியே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கையுறை, கழுத்துக்காப்போடு முகமூடி அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய நாள்தான் வந்து சேர்ந்தது. திருச்சி வீட்டில் மிக்சியோ சைக்கிளோ, புதிதாக எது நுழைந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அப்பா தொட விடமாட்டார். ஒருமுறை வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்குக்கும் வைத்துவிட்டு, கடைக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கும் கை தானாகப் போயிற்று. நெற்றிப் பக்கம் மூன்று பொட்டு.

மறுநாள் ஆல்வின் வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார். "ரஸ்ட் லா. கேனாட்."

"நோ, பிளெஸ்ஸிங்," என்றேன்.

"பிளெஸ்ஸிங் ஆல்ரெடி, தென் மாஸ்க் ஃபார் வாட்?"

அன்று என்னோடு மோத வேண்டியவர் கோகிலா, இங்கேயே கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். அவர் பொட்டைச் சுரண்டி முகர்ந்துவிட்டு, துரு இல்லை என்று ஆல்வினிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நாங்க புது காடிக்குத்தான் வைப்போம், டயருக்கு எலுமிச்சம்பழத்தோட. இதுக்குமா? போய்க் கழுவிட்டு வாங்க லா, கோச் வெய்ட் பண்றாரு."

கழிவறைக் குழாயில் தேய்த்துக் கழுவினேன். அப்பா பார்த்திருந்தால் இரண்டு நாள் பேசியிருக்க மாட்டார். கம்பி பளிச்சென்று வந்தது, ஆல்வின் தலையசைத்தார்.

இரண்டாவது வீச்சிலேயே கோகிலாவின் காலை மிதித்துவிட்டேன். யோசிக்கவே இல்லை; வாளிலிருந்து ஒரு கையை எடுத்து அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனேன். பதிலுக்கு அவரும் என் தோளைத் தொட்டார். இரண்டு கையுறைகளும் இரண்டு வலைகளில் டக்கென்று இடித்தன. அவருடைய ஆட்கள் கப்பலேறி நாலு தலைமுறை ஆயிற்றாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம்ம ஆள் என்று நினைத்தபடி அப்படியே நின்றேன்.

ஆல்வின் மோதலை நிறுத்தச் சொல்லவில்லை. கோகிலாவின் கை அதற்குள் வாளுக்குத் திரும்பி, என் உச்சந்தலையில் அடி விழுந்திருந்தது. என் கை இன்னும் கண்ணருகிலேயே இருந்தது.