காற்றோடு மல்லுக்கு நின்ற சதாசிவம்

சேதி ரப்பர் தோட்டத்து ஆபீஸ் டெலிபோன் வழியாக வந்தது. நான் டிரெஸராக வேலை பார்க்கும் தோட்டத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி உச்சி வெயிலில் தொப்பி இல்லாமல் நடந்து வந்தார். அப்படி வெளியே வருகிறவர் அல்லர் அவர்.

"பிரிக்ஃபீல்ட்ஸ்லேருந்து கூப்பிட்டாங்க, டிரெஸர். உங்க ரயில்வேக்காரரு காலையில போயிட்டாராம்."

சரி என்று தலையாட்டினேன். கையிலிருந்த துணியைச் சுற்றி முடித்தேன். அடுத்த ஆளுக்கும் சுற்றினேன். மூன்றாவது ஆள் காலை நீட்டியபோதுதான் காதில் விழுந்தது என்ன என்பது எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதும் நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை போய் வருகிறேன். சதாசிவம் அவர்களைப் பற்றி எழுத வேறு எந்த நிலையும் ஒத்துவராது போலும்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் பாலங்களுக்குப் படம் வரைகிற உத்தியோகம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மனைவி தங்கரத்தினம் அம்மையாருடன் குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. உயரமானவர், ஒல்லி. நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார், அதுவும் எழுந்திருப்பதற்காக. காப்பியை நடந்துகொண்டே குடிப்பார். கோயிலில் பிராகாரம் சுற்றும்போதுகூட முன்னால் போகிறவர்களை முந்திவிடுவார். 'சிவம் எப்போது வருமோ தெரியாது, சதா ஓட்டம் மட்டும் இருக்கிறது' என்று ஆபீசில் அவர் பெயரை வைத்தே கேலி செய்வார்களாம். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தவரும் அவரே.

நான் அவரை முதலில் பார்த்தது பிரிக்ஃபீல்ட்ஸில் ஆ காவ் என்ற சீனரின் தகரப் பட்டறையில். என் பழைய காரின் மட்கார்ட் கழன்றுவிட்டதென்று கொண்டு போயிருந்தேன். உள்ளேயிருந்து ஒருவர் விறுவிறுவென்று வந்தார். என் பெயரைக் கேட்கவில்லை, தம் பெயரைச் சொல்லவுமில்லை. "உங்கட கார் ஒரே வேகத்தில, ஆடாமல் அசையாமல், எவ்வளவு தூரம் ஓடும்?" என்று கேட்டார்.

"தள்ளாம கிளம்புனாலே பெரிய விஷயம்லா" என்றேன்.

அது போதும் என்றார். பட்டறைக்குள் கூட்டிப்போய்த் தம் காரைக் காட்டினார். இருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய பந்தயக் கார். முன்பு வைத்திருந்தவர் அதை ஒரு மரத்தில் மோதி உருக்குலைத்து விட்டுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். எஞ்சினுக்குச் சேதமில்லை; உடம்பை ஆ காவ் தட்டி நிமிர்த்திவிட்டார். அந்த எஞ்சினில் கை வைக்கும் எண்ணமே தமக்கு இல்லை என்றார். "எஞ்சினைப் பெருப்பிக்க வசதி வேணும், டிரெஸர். காத்து எல்லாருக்கும் ஒண்டுதான். அந்தக் காத்துக்கு இந்தக் கார் எவடத்தில குறுக்க நிக்குதெண்டு எனக்குப் பாக்க வேணும்."

ஆ காவ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, காற்று எங்கே கண்ணுக்குத் தெரியும் என்று மலாய் மொழியில் கேட்டுச் சிரித்தார். அதைத் தெரிய வைப்பதற்குத்தான் சதாசிவத்துக்கு என் கார் தேவைப்பட்டது.

அவருடைய உபாயம் எளிது. சிவப்புக் கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, கார் உடம்பெங்கும் ஒரு முனையை மட்டும் ஒட்டிவிடுவது. கார் ஓடும்போது காற்று வழுக்கிப் போகும் இடத்தில் நூல் படிந்து கிடக்கும். காற்று சுழன்று காரைப் பின்னுக்கு இழுக்கும் இடத்தில் நூல் துள்ளும். பக்கத்தில் இன்னொரு காரில் போகிறவர் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒட்டுவதற்குப் பிளாஸ்திரி என் பெட்டியிலிருந்து போயிற்று. நூல் தங்கரத்தினம் அம்மையார் பூவேலைக்கு வைத்திருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மையாரும் கூடவே வந்து இறங்கியதைக் கண்டு நான் தடுமாறினேன். "என்ர நூல் எங்க போகுதெண்டு பாக்க வந்தனான்" என்று சொல்லிவிட்டு என் காரில் ஏறிக்கொண்டார். அது நல்லதாயிற்று. நான் ஸ்டீரிங்கைப் பிடிக்க வேண்டும், மாட்டு வண்டிகளுக்கு விலக வேண்டும். நூலைப் பார்க்க எனக்கு எங்கே கண்? கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகும் சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே வளையாமல் போகும் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இரண்டு கார்களும் பக்கம் பக்கமாகப் போயின. தலைப்பு பறக்காமல் இறுக்கிச் செருகிக்கொண்டு அம்மையார் ஒவ்வொரு நூலாகப் பார்த்துச் சொன்னார். முன்பக்கம் படுத்துக் கிடந்தது. கதவருகே லேசாக நடுங்கியது. சதுரமாக வெட்டினாற்போல் இருந்த பின்புறத்தில் ஒரு நூல்கூட நிலைகொள்ளாமல் பேயாட்டம் ஆடியது.

அன்று தொடங்கிய ஓட்டம் மாதக்கணக்கில் நீண்டது. முதலில் அட்டையால் ஒரு வால் செய்து கட்டினார். அது மழையில் கரைந்தது. பிறகு மூங்கில் பிளாச்சு, கான்வாஸ். கடைசியில் ஆ காவ் தகரத்தில் நீளமாக, மீன் முதுகைப்போல் சரிந்து கூம்பும் வால் ஒன்றைத் தட்டிக் கொடுத்தார். அதை மாட்டி ஓட்டிய காலையில் அம்மையார் ஒவ்வொரு நூலையும் இரண்டு முறை பார்த்தார். பிறகு, "எல்லாம் படுத்திட்டுது" என்றார்.

இன்னொரு சோதனையும் செய்தோம். ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, கார் தானாக எதுவரை உருண்டு போகிறது என்று பார்ப்பது. முன்பெல்லாம் சாலையோரத் தேங்காய்க் கடை வாசலிலேயே நின்றுவிடும். வாலோடு அன்று கடையைத் தாண்டி, கடைக்காரர் எழுந்து பார்க்கப் பார்க்க, மரப்பாலம்வரை உருண்டது. சதாசிவம் காரிலிருந்து குதித்து இறங்கி அந்தத் தூரத்தை ஓடியே திரும்பி வந்தார்.

அந்த ஓட்டங்களைப் பார்த்தவர்களுள் பக்கத்துத் தோட்டத்து இளம் துரை ஒருவரும் உண்டு. அவரிடமும் அதே வகைக் கார் இருந்தது. ஆ காவிடம் போய்த் தமக்கும் அப்படியே ஒரு வால் செய்துகொண்டார். வெள்ளைக்காரர்களின் மோட்டார் கிளப் நடத்தும் வேகப் போட்டியில் அதை ஓட்டப்போவதாகச் சொன்னார். நம்மவர்களுக்கு அந்தப் போட்டியில் இடம் கிடையாது. தாம் செய்த வால் அங்கே ஓடும் என்பதில் சதாசிவம் பெருமைப்பட்டார். நான்தான் முணுமுணுத்தேன்.

போட்டிக்குச் சில நாட்கள் இருக்கையில், வழக்கம்போல் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அம்மையார் நூலை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பார்க்கத் தொடங்கினார். வண்டி நின்றதும் கணவரிடம் போய், "இஞ்சருங்கோ, வேகமாப் போகேக்க பின் சில்லுக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவில வெளிச்சம் தெரியுது. நிக்கேக்க தெரியேல்ல" என்றார்.

சதாசிவத்தின் முகம் மாறியது. பின் அச்சில் ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கட்டி, அது உரசும்படி காரின் உடம்பில் ஒரு சிலேட்டைப் பொருத்தினார். மறுபடி ஓட்டினார். வேகம் ஏற ஏறக் கோடு கீழே இறங்கியிருந்தது. அதாவது, காரின் பின்பக்கம் மேலே எழும்பியிருந்தது. வாலின் முதுகை ஒட்டி அழகாக வழுக்கிப்போன அதே காற்று வாலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. பின்சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்கவில்லை. எங்கள் காருக்கு இதுவரை ஒன்றும் ஆகாததற்குக் காரணம், என் காரோடு சேர்ந்து மெதுவாக, மரங்களின் மறைவில் ஓடியதுதான். போட்டி நடக்கும் சாலையோ திறந்தவெளியில் கடற்காற்று குறுக்கே அடிக்கிற சாலை.

வெளியூர் போயிருந்த துரை திரும்பியதும், போட்டிக்கு முந்திய நாள் பிற்பகல், சதாசிவமும் அம்மையாரும் நானும் அவர் பங்களாவுக்குப் போனோம். ஆ காவும் வந்தார். சதாசிவம் வாசற்படியிலேயே நின்றபடி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கி, வாலை வெட்டிவிடச் சொன்னார். துரை கெட்டவர் அல்லர், இளமை, அவ்வளவுதான். என் வேகத்தைக் கண்டு உங்களுக்குப் பொறாமையா என்று சிரித்தார்.

போட்டிக்கு வரவே முடியாதவனுக்குப் பொறாமை எதற்கு என்று சதாசிவம் கேட்டார். துரையின் சிரிப்பு நின்றது. "நான் உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன். நாளை எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே இப்போது ஓட்டுங்கள்" என்றார் சதாசிவம். சொன்னதோடு நில்லாமல் போய்க் காரில் ஏறியும் விட்டார்.

நாங்கள் மூவரும் என் காரில் பின்னால் போனோம். ரப்பர் மரங்கள் இருந்தவரை அந்தக் கார் அம்புபோல் போயிற்று. மரங்கள் முடிந்து லாலாங் புல்வெளி திறந்த இடத்தில் காற்று வந்து அடித்தது. யாரோ கையால் தள்ளிவிட்டதுபோல் காரின் வால் பக்கவாட்டில் நழுவியது. கார் குறுக்கே திரும்பியது. ஒரு சக்கரம் புல்லில் இறங்கி மண்ணை வாரி இறைத்தது. மீண்டும் சாலைக்கு ஏறி மறுபக்கம் சாய்ந்தது. எங்கள் கண்ணெதிரே கவிழ்ந்துவிட்டது என்றே நினைத்தேன். கவிழாமல், வந்த திசையைப் பார்த்தபடி நின்றது. அம்மையாரின் கை என் இருக்கையின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தது. 

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது துரை சிகரெட் பற்றவைக்கத் தீக்குச்சி தீக்குச்சியாக உரசிக்கொண்டிருந்தார். ஒன்றும் பற்றவில்லை. கடைசியில் சிகரெட்டை வீசிவிட்டு, "இந்த வாலை எதைக் கொண்டு வெட்டுவது?" என்று கேட்டார். ஆ காவ் சாக்கில் சுற்றி வைத்திருந்த தகர வெட்டுக் கத்திரியை எடுத்தார். சாலையோரத்திலேயே வாலின் பாதியை வெட்டி எடுத்து முனையை மொட்டையாக மடித்துத் தட்டினார்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. மறுநாள் போட்டியில் அந்த மொட்டை வாலைப் பார்த்துச் சிரித்தார்களாம். துரை முதலாவதாக வரவில்லை. ஆனால் ஒரு கீறலும் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

வெட்டி முடிந்ததும் சதாசிவம் என்னிடம், "என்ர பிழையில இன்னொருத்தன் சாகக் கூடாது, டிரெஸர்" என்றார். அம்மையார் அவர் எதிரே வந்து நின்றார்.

"நீங்கள் ஏறினது ஏனெண்டு எனக்கு விளங்குது. ஏற முந்தி ஒருக்கா என்னைத் திரும்பிப் பாத்திருக்கலாம்."

சதாசிவம் கைகளைத் தொங்கப்போட்டபடி நின்றார். அவர் அவ்வளவு நேரம் அசையாமல் நின்று நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகும் விட்டாரா என்றால் இல்லை. தம் காரின் வாலையும் வெட்டினார்; வேகமும் குறையக் கூடாது, சக்கரமும் எழும்பக் கூடாது என்று மறுபடி அட்டையில் தொடங்கினார். அந்த வேலை நடுவில் இருக்கும்போதுதான் காய்ச்சல் வந்தது. அது நிமோனியாவாக நெஞ்சில் இறங்கியது. நான் பார்க்கப் போனபோது மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். போர்வைக்கடியில் பாதங்கள் மட்டும் ஓயாமல் அசைந்தபடி இருந்தன. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தார் நோயை வருத்தம் என்பார்கள். "சும்மா கிடக்கிறதுதான் இந்த வருத்தத்தில பெரிய வருத்தம்" என்றார். அவ்வளவுதான் பேசினோம். என் தொழில் எனக்குத் தெரியும். வெளியே வந்து அம்மையாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தேன்.

அவருடைய தம்பி மகன் கொள்ளி வைத்தார். மறுநாள் சாம்பலைக் கடலில் கரைக்கப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் போக வேண்டும். உறவினர்கள் வாடகைக் கார் பேசி வைத்திருந்தார்கள். வெள்ளைச் சேலையில் அம்மையார் வெளியே வந்து, பெண்கள் வருவதில்லை என்று சொன்னவர்களுக்கு மறுமொழி சொல்லாமல், அந்தச் சிறிய காரின் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தார். நான் திகைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "போன வருஷம் எனக்கு ஓட்டப் பழக்கினவர்" என்றார். பிறகு உறவினர்கள் பக்கம் திரும்பினார். "அவர் மற்றவையின்ர காரில சும்மா இருக்க மாட்டார். நானே கொண்டு போறன்."

தம்பி மகன் கலசத்தை மடியில் அணைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். நான் என் காரில் பின்தொடர்ந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்களில் மெதுவாகவே போனார்கள். கிள்ளான் சாலைக்கு வந்ததும் வேகம் கூடியது. முக்கி முனகி விரட்டிப் பார்த்தேன். அந்தக் கார் சிறுத்துச் சிறுத்து, ஒரு வளைவில் திரும்பி மறைந்தது. என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

போய் வாருங்கள், அண்ணே. அங்கேயும் உங்களுக்கு எதிர்க்காற்று இருக்கட்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் பொழுது போகாது.