சும்மா கொடுத்தாலும் வேண்டாம்

எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் பிடித்திருக்கிறது என்று சொல்லி வாங்கியதில்லை. சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால், மனசுக்குப் பிடித்த மாட்டின் பக்கம் திரும்பவே கூடாது. திரும்பினாலும், "என்னய்யா இது, கொம்பு ஒரு பக்கமாப் போகுது" என்று முகத்தைச் சுளிக்க வேண்டும். எனக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட, கேசரியில் சீனி கொஞ்சம் தூக்கல் என்று சொல்லித்தான் என் அப்பா சம்மதத்தைத் தெரிவித்தார். இந்தப் பரம்பரையில் வந்த நான் நாற்பத்திரண்டு வயதில் காரைக்குடியில் முதல் வீடு வாங்கக் கிளம்பினேன்.

வீடு எதற்கு என்பதில் என் மனைவிக்கு ஒரு குழப்பமும் இல்லை. அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினோரு வருஷமாக நாங்கள் ஒருவர் வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். தெருவுக்கு இருந்தது ஒரே வாசல் கதவு, அதன் சாவி வீட்டுக்காரரிடம். ஒன்பது மணி ஆனால் பூட்டிவிடுவார். ஷிஃப்ட் முடிந்து வருகிறவள் மணியை அடித்துவிட்டுத் தெருவில் நிற்க வேண்டும். அவர் மெதுவாக எழுந்து வந்து, தொண்டையைக் கனைத்து, அப்புறம்தான் திறப்பார். ஒரு வார்த்தை திட்டமாட்டார். திட்டினால்கூடத் தேவலை, அந்தக் கனைப்புதான் தாங்காது. "எனக்கு மாடி, மொசைக்கெல்லாம் வேண்டாங்க. ஒரு வாசக்கதவு வேணும். சாவி என் கையில இருக்கணும்" என்பாள்.

தரகர் காட்டிய ஏழாவது வீடு இது. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் ஒரு முருங்கை. வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு ஆச்சி. அறுபது வயது இருக்கும், மகனோடு சென்னையில் இருக்கிறார். வீடு சின்னதுதான், வாசல் கதவு மட்டும் பெரியது. கொத்தமங்கலத்தில் அவர்களுடைய பெரிய வீட்டைப் பிரித்தபோது பங்குக்கு வந்த தேக்குக் கதவை நிலையோடு கொண்டுவந்து இங்கே வைத்திருந்தார்கள். நிலை முழுக்கக் கிளியும் தாமரையும். சின்னப் பையனுக்கு அப்பா சட்டையை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. வெளியிலிருந்து ஒரு தடவை பார்த்ததற்கே என் மனைவி இரண்டு நாள் அந்தக் கதவைப் பற்றித்தான் பேசினாள்.

ஆச்சி நாற்பத்தெட்டு லட்சம் சொன்னார். வங்கிக் கடன், பி.எஃப்., அடகு வைக்க மிச்சமிருந்த நகை எல்லாம் சேர்த்து எங்களால் புரட்ட முடிந்தது நாற்பத்தைந்து. அதற்கு மேல் பத்து ரூபாய் கிடையாது. எதில் ஆரம்பிப்பது என்பதுதான் கேள்வி. எங்கள் அலுவலகத்தில் மூன்று நாள் ஒரு கோப்பும் நகரவில்லை, இதைத்தான் பேசினார்கள். "முப்பத்தஞ்சுன்னு கேளு, அடிக்கவா போறாக?" என்றார் ஒருவர். ஒற்றைப்படையில் முடியவேண்டும் என்றார் இன்னொருவர். இதுவரை சொந்தமாக ஒரு சைக்கிள் நிறுத்தக்கூட இடம் வாங்காத ஒருவர்தான் அதிகமாக யோசனை சொன்னார். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, நாற்பத்தொன்றில் ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன்.

"நாப்பத்தஞ்சுதான் இருக்கு, வீடு பிடிச்சிருக்குன்னு நேராவே கேளுங்களேன்" என்றாள் மனைவி.

எனக்குச் சிரிப்பு வந்தது. "உன்னையெல்லாம் சந்தையில விட்டா மாட்டுக்காரன் கயித்தையும் சேத்து வித்துருவான். நீ பேசாம வா. மூஞ்சியில எதையும் காட்டாத" என்றேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வேறு சொன்னேன். அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

ஆச்சி இதற்காகவே சென்னையிலிருந்து வந்திருந்தார். நான் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். மேற்குப் பார்த்த வாசல். அடுப்படியில் ஒரு ஆள்தான் நிற்கலாம். மேல்தளத்தில் ஈரம் இறங்குகிறது. ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சுச் சூட்டில் தண்ணீர் உப்பு என்றும் சொல்லிவிட்டேன். தண்ணீர் ருசிக்குப் பேர்போன காரைக்குடியில் நின்றுகொண்டு அதை உப்பு என்றவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆச்சி உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். குடித்தேன். இளநீராட்டம் இருந்தது.

"இப்பப் பரவால்ல ஆச்சி. கோடையில எப்படியோ" என்றேன்.

இப்படியே பேசிப் பேசி ஆச்சி நாற்பத்தாறுக்கு வந்தார். "இதுக்கு மேல எறங்குறதுக்கில்ல தம்பி" என்றார். ஒரே ஒரு லட்சம் இடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் என் மனைவி அந்தக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நிற்கிறாள். முகத்தில் எதையும் காட்டாதே என்று நான் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விட்டது. எனக்குப் பதறியது. இவள் ஆசையை ஆச்சி பார்த்துவிட்டால் நாற்பத்தாறு மறுபடி நாற்பத்தெட்டாகிவிடும். எங்கள் பரம்பரை மொத்தமும் என் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"எல்லாத்தையும் விட இந்தக் கதவுதான் ஆச்சி பெரிய தலைவலி. வீட்டுக்கும் இதுக்கும் பொருத்தமே இல்ல. தொறந்தா ஊருக்கே கேக்குது. இதக் கழட்டிப் போட்டுட்டு வேற கதவு வைக்கவே ஒரு லட்சம் ஆகும்."

ஆச்சி முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "கதவு வேண்டாமா உங்களுக்கு?"

"சும்மா குடுத்தாலும் வேண்டாம் ஆச்சி."

ஆச்சி கொஞ்ச நேரம் என் மனைவியைப் பார்த்தார். அப்புறம், "சரி. கதவுக்கு ஒரு லட்சம் கழிச்சுக்கங்க. நாப்பத்தஞ்சு" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் தரையில் நடக்கவில்லை. பேக்கரியில் வண்டியை நிறுத்தி அரைக் கிலோ இனிப்பு வாங்கினேன். "பாத்தியா?" என்று மனைவியிடம் நாலைந்து முறை கேட்டேன். அவளும் சிரித்தாள், கதவு வந்துவிட்டதே என்று. மறுநாள் அலுவலகத்தில் என்னைச் சுற்றி உட்கார்ந்து, எப்படிப் பேசினேன் என்பதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

கிரயம் முடிந்த அன்று பதிவு அலுவலக வாசலில் ஆச்சி சாவிக்கொத்தைக் கொடுத்தார். பெரிய கதவின் நீளச் சாவி அதில் இல்லை. தரகரிடம் கேட்டேன். "அங்குட்டுதான் எங்கயாச்சும் தொங்கும் சார்" என்றார்.

பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்துப் போனோம். நிலைக்குப் பூச மஞ்சளும், வைக்கக் குங்குமமும், கட்ட மாவிலையும் தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு மனைவி முன்னால் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவு இல்லை. நிலையும் இல்லை. சுவரில் ஓர் ஓட்டை, அதை மறைத்து நீலத் தார்ப்பாய் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மஞ்சளை எதில் பூசுவது என்று தெரியாமல் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆச்சிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டது நான் செய்த அடுத்த முட்டாள்தனம்.

"என்ன தம்பி இப்படிக் கேக்குறீக? சும்மா குடுத்தாலும் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீக. அதுக்குத்தானே ஒரு லட்சம் கழிச்சேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே ஆள் விட்டுக் கழட்டினேன். கூலிகூட உங்ககிட்ட கேக்கல."

"ஆச்சி, அது வெலை பேசுறதுக்காகச் சொன்னது."

"வெலை பேசுறப்பச் சொல்ற வார்த்தையத்தானே தம்பி நம்பணும்? வேற எத நம்புறது? அந்தப் புள்ள கதவத் தொட்டுக்கிட்டே நின்னுச்சு. நானும் பாத்தேன். பிடிச்சிருக்கு ஆச்சி, கையில இவ்வளவுதான் இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருந்தீகன்னா, அதே நாப்பத்தஞ்சுக்குக் கதவோடதான் குடுத்துருப்பேன். அது எங்க வீட்டுக் கதவு. வேண்டாம்ங்கிற ஆள்கிட்ட எப்படி விட்டுட்டு வாரது?"

போனை வைத்தேன். மனைவி தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பாலைக் காய்ச்சினாள். வாய்விட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

கதவு போன இடத்தைத் தரகர் கண்டுபிடித்தார். சென்னை வீட்டில் வைக்க இடமில்லை என்று ஆச்சியின் மகன் விற்றுவிட்டாராம். பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். விலை இரண்டே முக்கால் லட்சம். பழக்கதோஷத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"ரொம்பப் பழசா இருக்கே."

"பழசுங்கிறதாலதான் சார் இந்த வெலை" என்றார் கடைக்காரர். "அதுவும் வித்துருச்சு. வெளியூர் ஓட்டல்காரக அட்வான்ஸ் குடுத்துட்டாக. மேல கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசை பண்ணப் போறாகளாம்."

என் மனைவி கிளியை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு, "போவமா?" என்றாள்.

கடைசியில் வெல்டிங் பட்டறையில் ஓர் இரும்புக் கதவு செய்யச் சொன்னோம். பட்ட பாடு போதும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக, "கதவு ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே" என்று மனசாரச் சொன்னேன். பட்டறைக்காரர் அந்த இடத்திலேயே இரண்டாயிரம் கூட்டிவிட்டார். மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தேன்.

அந்தக் கதவுக்கு மூன்று சாவி. மூன்றும் என் மனைவியின் கைப்பையில் இருக்கின்றன. நான் கேட்கவில்லை, கேட்கிற தகுதியும் எனக்கு இல்லை. குடிவந்து ஒரு வாரம் அவள் என்னோடு பேசியதெல்லாம் "சாம்பார் இருக்கு", "ரசம் இருக்கு" என்ற அளவில்தான். எட்டாம் நாள் சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்து மணியை அடித்தேன்.

"யாரு?"

"நான்தான்."

"உள்ள வர எவ்வளவு குடுப்பீக?"

மேற்குப் பார்த்த வாசல் என்று ஆரம்பிக்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"நீ கேக்குறதக் குடுக்குறேன். வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு."

கதவு உடனே திறக்கவில்லை. உள்ளே, எங்கள் பழைய வீட்டுக்காரரைப் போலவே, நிதானமாகத் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் தாழ்ப்பாள் விலகியது.