விளங்காமல் சொல்ல மாட்டேன்

விசுவாசம் இருந்தால் போதும், இறையியல் எதற்கு என்று என்னிடம் கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கேட்கட்டும். நான் கிழக்கிலங்கையில், கல்முனையில் வளர்ந்தவள். அயலில் ஒருவரும் ஒன்றும் கேட்காத ஊரில் பிறந்திருந்தால் நானும் அப்படித்தான் கதைத்திருப்பேன்.

எங்கள் தெருவில் கத்தோலிக்க வீடு எங்களுடையது மட்டும்தான். மற்றதெல்லாம் முஸ்லிம் வீடுகள். நற்கருணையை முதன்முதலாக வாங்கும் என் புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டை தைத்தது பக்கத்து வீட்டுத் தோழியின் உம்மா. அளவு பார்க்கப் போன அன்றுதான் தோழி என்னிடம், உங்கட ஆண்டவர் ஒராளா, மூணு பேரா என்று கேட்டாள். ஆள் மூவர், கடவுள் ஒருவர் என்று ஞானோபதேச வகுப்பில் படித்ததை மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். தினமும் ஓதப்பள்ளிக்குப் போய்க் குர்ஆனை மனனம் செய்து வருகிறவளிடமா இந்த வித்தை பலிக்கும்?

“இது பாடமாக்கினது புள்ள. நீ வெளங்கினதச் சொல்லு” என்றாள்.

அடுத்தவர் மார்க்கத்தில் உனக்கென்ன கதை என்று உம்மா அவளை அதட்டினார். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மீது அல்ல, கையில் பதில் தராமல் என்னை அனுப்பிவிட்டவர்கள்மீது.

வீட்டில் கேட்டேன். அயலோடு வாக்குவாதம் வேண்டாம், நாம் இங்கே சீவிக்க வேண்டும் என்றார் அம்மா. அப்பா கணக்கு வாத்தியார். செய்து காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் ஒரு புள்ளியும் போடமாட்டார். அவரே, நம்பினாலே காணும், இதையெல்லாம் கேட்கக்கூடாது என்று வாயை அடைத்துவிட்டார்.

புதுநன்மைக்கு முதல்நாள் கோயிலில் பங்குக் குருவான சுவாமி எங்களைக் கேள்வி கேட்டார். பதில் சொல்லாத பிள்ளைக்கு மறுநாள் நன்மை இல்லை. பெற்றோர் எல்லோரும் பின்னால் இருந்தார்கள். எனக்கு வந்தது அதே கேள்வி. நான் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டேனாக்கும் என்று ஞானோபதேசம் படிப்பித்த சிஸ்டர் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார்.

“பாடம் இருக்கு சுவாமி. வெளங்கல்ல. வெளங்காமச் சொல்ல மாட்டன்.”

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அப்படியானால் நாளைக்கு நன்மை கிடைக்காதே, பரவாயில்லையா என்று சுவாமி கேட்டார். பரவாயில்லையா! அதற்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். ஆனாலும் ஓம், பரவாயில்லை என்றேன்.

பின்வரிசை வாங்கிலிருந்து அப்பா எழும்பினார். அடிதான் விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“எனக்கும் வெளங்கல்ல, சுவாமி. சின்னதில இருந்து சும்மா சொல்லிட்டுத்தான் வாறன். மகளுக்கு வெளங்கப்படுத்தக்குள்ள நானும் வந்து இரிக்கட்டா?”

கணக்கு வாத்தியாருக்கு விளங்காத ஒன்று இருக்குமா? என்னைக் காப்பாற்ற, கோயில் என்றும் பாராமல் அப்பா பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். அந்தப் பொய்யை மன்னித்துவிடும்படி, படுக்கப் போகுமுன் அவருக்காக முழங்காலில் நின்று மன்றாடினேன்.