என் பேய்கள், அவருடைய ரசிகர்கள்

ஒக்ரோபர் பிறந்தால் ஹலோவீன் வரைக்கும் தினமும் ஒரு பேய்ப்படம் பார்ப்பேன். எல்லோரும் பார்த்த படங்கள் இல்லை. யாருக்கும் தெரியாததாகத் தேடிப் பிடிப்பேன்.

என் கணவர் பக்கத்திலேயே இருக்கமாட்டார். படம் தொடங்கியதும் திருநீறு பூசிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவார். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது மட்டும், "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்பார். நானும் ஒன்று விடாமல் சொல்வேன்.

இன்று மல்வேர்னில் ஒரு கடையில் கொத்துரொட்டிக்குக் காத்து நின்றபோது, அவரோடு பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் வேலை செய்யும் பெண்ணைக் கண்டேன்.

"அக்கா, அண்ணை பேய்ப்படத்தில விண்ணன்! லஞ்சுக்கு அவர் கதை சொல்லத் தொடங்கினால் நாங்கள் சாப்பாட்டையே மறந்திடுவம். எங்கதான் உந்தப் படங்களைத் தேடிப் பிடிக்கிறாரோ!"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டாள்.

"நீங்களும் அவரோட இருந்து பாக்கிறனீங்களோ? இல்லாட்டி உங்களுக்குப் பயமோ?"

எனக்கு வயிறு எரிந்தது. படம் பார்ப்பது நான், பயப்படுவதும் நான். ஆனால் எனக்கு இருக்கும் ரசிகர் ஒரே ஒருவர். அவருக்கோ ஒரு மேசை நிறைய.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மனிதருக்கு வெட்கமே இல்லை.

"நீர் சொன்னதைத்தானே சொன்னனான். இண்டைக்கு என்ன படம்? முடிவை வடிவாச் சொல்லும், நாளைக்கு எல்லாரும் கேப்பினம்."

சொல்லத்தான் போகிறேன். கடைசியில் பேயும் அந்தக் குடும்பமும் ஒன்றாக இருந்து பொங்கல் பொங்கிச் சாப்பிட்டார்கள் என்று.

இதைவிட மோசமான முடிவு வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள். விடியத் தேத்தண்ணி ஊற்றுவதற்குள் வேண்டும்.