ஜாடித் தண்ணீரில் ஒரு கரித்துண்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் தலைச்சோலை என்கிற ஊரில், எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் ஒரு பீங்கான் ஜாடி இருக்கிறது. அதில் தண்ணீர், தண்ணீருக்குள் கைக்கு அடங்கும் பழுப்பு நிலக்கரி ஒன்று. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்த என் அண்ணன் முதல் லீவுக்குக் கொண்டுவந்தது. காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்று அவர்தான் தண்ணீரில் போட்டுவைத்தார்.

கரி என்றால் கறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். இதிலோ மரத்தின் ரேகை அப்படியே ஓடியது. காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். பட்டையைத் தொட்டே மரத்தைச் சொல்லிவிடுவேன். "இது என்ன மரமுங்கண்ணா?" என்றேன். "நீதான் எல்லா மரமும் தெரிஞ்சவளாச்சே கண்ணு, மோந்து பார்த்துச் சொல்லு" என்று கிண்டல் செய்தார்.

அம்மாவுக்குச் சுரங்கம் என்றாலே நடுக்கம். "மண்ணு சரிஞ்சு மூடிக்கும் சாமி, வந்துடு" என்பார். "அது குகை இல்லீங்கம்மா, மேல வானம் நல்லாத் தெரியும். நம்ம ஏரியில தண்ணிய எறைச்சுப்போட்டு உள்ள எறங்கி நின்னாப்புல இருக்கும்" என்று அண்ணன் சொல்லியும் நம்பவில்லை. அதனால், அவர் வேலையை விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தபோது அம்மா அழவில்லை. மாதா சிலை இருக்கும் கெபிக்குப் போய் நன்றி சொல்லி மெழுகுவத்தி ஏற்றினார். எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அதுதான். துப்பாக்கி அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

பங்களாதேஷ் சண்டையில் அண்ணன் இறந்துபோனார். உடல் ஊருக்கு வரவில்லை. அவருடைய துணிமணிப் பெட்டியைக் கொண்டுவந்தவர் கூட இருந்த சிப்பாய். கையில் கட்டோடு வந்தார். "பதுங்குகுழி வெட்டறதுல அவன மிஞ்ச ஆளில்லீங்க. 'டேய் சுரங்கம்'னுதான் கூப்புடுவோம். எங்க குழியக்கூட அவன்தான்..." என்று சிரிக்கத் தொடங்கியவரால் முடிக்க முடியவில்லை. அம்மா ஒன்றுதான் கேட்டார்: "ஏனுங்க, எங்க பொதைச்சாங்க?"

"அதுக்குள்ள என்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. நான் பாக்கலீங்க."

கல்லறைத் திருநாளில் எல்லாரும் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். எங்களுக்குப் போக ஒரு குழி இல்லை. அம்மா இந்த ஜாடியைக் கிழக்கு ஜன்னலில் வைத்து, அதன் முன்னால் மெழுகுவத்தி கொளுத்தினார். நெய்வேலி அந்தப் பக்கம்தான்; அண்ணன் இருந்த இடம் என்று அவருக்குத் தெரிந்தது அது ஒன்றே. அவருக்குப் பிறகு நான் கொளுத்துகிறேன்.

இன்று காலையும் தண்ணீர் மாற்றினேன். ரேகையைத் தடவிப் பார்த்தேன். என்ன மரமென்று இன்னும் பிடிபடவில்லை, அது கிடக்கட்டும். அந்தச் சண்டையில் இறந்த கிறிஸ்தவச் சிப்பாய்களை எங்கே அடக்கம் செய்தார்கள், எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று விவரம் தெரிந்த யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தாலும் திருத்துங்கள். இடம் தெரிந்தால், ஜாடியை அந்தத் திசை ஜன்னலுக்கு மாற்றிவைப்பேன்.