சட்டைப்பைக்குள் கேட்ட சலாம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்றால் நம்ப வேண்டாம், ஆனால் நடந்தது.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். பள்ளிவாசலுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாக மையவாடி, எத்தனை தலைமுறையை அங்கே அடக்கியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கபரில் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை, தலைமாட்டில் ஒரு மீசான் கட்டை, கால்மாட்டில் ஒன்று, அது மக்கிப்போனால் அதே இடத்தில் அடுத்தவருக்குக் குழி. அடக்கத்தில் நின்று மூன்று பிடி மண் போட்டவனுக்குத்தான் இடம் தெரியும். என்னைப் பெற்ற அத்தா அப்படித்தான் அவருடைய அத்தா கபரை எனக்குக் காட்டினார்.

அத்தா மௌத்தானபோது நான் துபாயில், காய்கறிக் கடையில். லீவு கிடைக்கவில்லை. பெரியத்தா மகன் சலீம் அண்ணன்தான் வீடியோ காலில் அடக்கத்தைக் காட்டினார். கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தேன், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. படம் மட்டும் ஓடியது, சத்தம் வரவில்லை, சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். மண் அள்ளக் கை வேண்டுமே, அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார். திரை இருட்டாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அந்த இருட்டுக்கே சலாம் சொன்னேன்.

"வ அலைக்கும் ஸலாம். சாப்பிட்டியாடா?"

அத்தா குரல். தினமும் போனில் முதலில் கேட்பது அதைத்தான். நான் பதில் சொல்லவே இல்லை. அண்ணன் போனை வெளியே எடுத்தபோது குழி மூடியிருந்தது.

மழைக்காலம் முடிந்துதான் ஊருக்கு வர முடிந்தது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு மையவாடி முழுக்கத் தண்ணீர் நின்றிருக்கிறது, மீசான் கட்டைகள் போய்விட்டன, மேடெல்லாம் கரைந்து நடவுக்கு உழுது பரம்படித்த வயல் மாதிரி கிடந்தது. அண்ணன் ஒரு இடத்தைக் காட்டினார், கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு இடத்தைக் காட்டினார். கையில் மண்ணோடு நின்றேன். அப்போதுதான், அன்றைக்குக் குழிக்குப் பக்கத்தில் பேசியது யார் என்று கேட்டேன்.

"யாரும் பேசலடா தம்பி. பேசியிருந்தாலும் ஒனக்கு எப்புடிக் கேக்கும்? மையவாடியில போன் என்னான்னு பெருசுங்க ஏசுவாங்கன்னு வீட்டுலேர்ந்தே மைக்க மியூட்ல போட்டுத்தான் கெளம்புனேன்."

மண்ணை எங்கே போடுவது என்று தெரியவில்லை. சாப்பிட்டேன் அத்தா என்று மையவாடி முழுக்கப் பொதுவாகச் சொன்னேன்.

இப்போது மறுபடி துபாயில்தான். யார் சாப்பிட்டியா என்று கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன்.